பட்டினிக்கு யார் பணம் கட்டுவது? அயர்லாந்துப் பண்ணையார்களும் லண்டன் கஜானாவும்

கேள்வி இது: "1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தைப் பற்றி எதைப் படித்தாலும் பண்ணையார்கள் எல்லோரும் வில்லன்களாகவே வருகிறார்கள். குடியானவர்களின் பட்டினியைப் பார்த்துப் பதறி, அரசாங்கத்தைத் தட்டிக்கேட்ட நிலக்காரர் ஒருவர்கூட அங்கே இல்லையா? இருந்தால், அது நிஜமான அக்கறையா, சொத்தைக் காப்பாற்றும் வேலையா?"

இருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, நிறையப் பேர். கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள். கேள்வியின் இரண்டாம் பாதிதான் சிக்கலானது. அக்கறையும் சொத்துக் கவலையும் ஒரே கடிதத்தில், சில சமயம் ஒரே பத்தியில் கலந்தே வருகின்றன. அந்தக் கலப்பைச் சாக்காக வைத்துத்தான் லண்டன் கையை விரித்தது. "உங்கள் ஊர்ப் பட்டினிக்கு முதலில் நீங்கள் கட்டுங்கள்" என்று கஜானா சொல்ல, "எங்களிடம் ஏது, குத்தகையே வரவில்லையே" என்று பண்ணையார்கள் சொல்ல, இந்த வழக்கு தீர்வதற்குள் 1846-47 குளிர்காலம் கடந்துவிட்டது. செத்தவர்கள் இந்த வழக்கில் கட்சிக்காரர்களே கிடையாது.

முதலில் அங்கே நிலம் யார் கையில், எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஜமீன் முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உச்சியில் நிலச் சொந்தக்காரர். பெரும்பாலும் ஆங்கிலேய வம்சாவளி, புராட்டஸ்டன்ட். கணிசமானோர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள், குத்தகைப் பணம் மட்டும் லண்டனுக்கோ டப்ளினுக்கோ போய்ச் சேரும். அவருக்குக் கீழே நீண்டகாலக் குத்தகை எடுத்த இடைக்குத்தகைக்காரர். அவர் துண்டு போட்டு உள்குத்தகைக்கு விடுவார், வாங்கியவர் அதையும் நறுக்கி விடுவார். கடைசிப் படியில் இருப்பவனுக்கு ஒரு மண்குடிசையும், ஏக்கரில் ஒரு துண்டும். கூலிக்காரர்களில் பலருக்குக் காசாகக் கூலி கிடையாது. ஒரு போகம் கிழங்கு போட்டுக்கொள்ள நிலம் கொடுப்பார்கள், அந்த வாடகையை உழைத்துக் கழிக்க வேண்டும். விளைந்த ஓட்ஸும் வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போய்விடும். வயிற்றுக்கு உருளைக்கிழங்கும் மோரும்தான். நன்றாக உழைக்கும் ஆண் ஒருவன் ஒரு நாளைக்கு 12 முதல் 14 ராத்தல், அதாவது ஐந்தாறு கிலோ கிழங்கு சாப்பிட்டான். 1841 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 82 லட்சம். அதில் 30 லட்சம் பேர் அநேகமாகக் கிழங்கை மட்டுமே நம்பியிருந்தார்கள்.

அதனால் கிழங்கு அழுகினால் சோறும் போச்சு, கூலியும் போச்சு. கடையில் மாவு இருந்தாலும் வாங்கக் கையில் காசு இருக்காது. சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் அங்கே ஏன் எடுபடவில்லை என்பதற்கு வேறு பெரிய பொருளாதார விளக்கம் தேவையில்லை.

1845 செப்டம்பரில் கருகல் நோய் வந்தது. அந்த வருஷம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிற்று. பிரதமராக இருந்த சர் ராபர்ட் பீல் உடனே ஒரு காரியம் செய்தார். வெளியே சொல்லாமல் பேரிங் நிறுவனம் மூலம் அமெரிக்காவில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்கினார். அங்கத்திய ஜனங்களுக்கு மக்காச்சோளம் பழக்கமே இல்லை; சரியாக அரைக்காமல், வேகவைக்கத் தெரியாமல் தின்று வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டு, அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்து 'பீலின் கந்தகம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் அந்த முதல் வருஷத்தில் பட்டினிச் சாவு பெரிய அளவில் இல்லை. 1846 ஜூனில் பீல் ஆட்சி கவிழ்ந்தது. லார்ட் ஜான் ரஸ்ஸலின் விக் கட்சி வந்தது. அந்தக் கோடையில் கிழங்கு கிட்டத்தட்ட அடியோடு போனது.

இங்கேதான் நம் பண்ணையார் ஒருவர் வருகிறார். தாமஸ் ஸ்பிரிங் ரைஸ், முதலாம் மோன்டீகிள் பிரபு. லிமெரிக் மாவட்டத்தில் ஷானன் ஆற்றங்கரையில் மவுன்ட் டிரென்சார்ட் என்ற பண்ணை அவருடையது. சாதாரண நாட்டுப்புறப் பண்ணையார் என்று நினைத்துவிட வேண்டாம். 1835 முதல் 1839 வரை பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தவர், ரஸ்ஸலின் அதே விக் கட்சிக்காரர். அப்படிப்பட்டவர், தான் முன்பு அமர்ந்து அதிகாரம் செய்த அதே கஜானாவுக்கு இப்போது மனு எழுத வேண்டிய நிலை. கஜானாவின் உதவிச் செயலர் சார்லஸ் டிரெவெலியன் 1840-இல், அதாவது மோன்டீகிள் போன மறு வருஷம், அந்தச் செயலர் நாற்காலிக்கு வந்தவர்.

மோன்டீகிளும் அவரைப் போன்ற நிலக்காரர்களும் கேட்டது என்ன? அப்போதைய நிவாரணச் சட்டப்படி, பஞ்சக்காரர்களை வைத்துச் செய்யும் வேலை எந்தத் தனியாருக்கும் ஆதாயமாக இருக்கக் கூடாது. ஆகவே ரோடு போட்டார்கள். எங்கேயும் போகாத ரோடு, மலையில் ஏறிப் பாதியில் நின்றுபோகும் ரோடு. இன்றும் மேற்கு அயர்லாந்தில் அப்படிச் சில தடங்கள் உண்டு. "எப்படியும் காசு செலவாகிறது, அதைச் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செலவழித்தால் அடுத்த வருஷம் தானியமாவது விளையுமே" என்பது நிலக்காரர்களின் வாதம். நியாயமான வாதம்தான். வடிகால் வெட்டினால் நிலத்தின் மதிப்பு ஏறும், ஏறிய மதிப்பு பண்ணையாருக்கு என்பதும் உண்மைதான். லண்டன் இந்த இரண்டாவதை மட்டும் பார்த்தது.

1846 அக்டோபர் 9-ஆம் தேதி டிரெவெலியன் மோன்டீகிளுக்கு எழுதிய பதில் அந்தப் பஞ்சத்தின் ஆவணங்களிலேயே மிகவும் பேர்போனது. அதன் சாரம்: உணவு வழங்குவதும் நிலத்தின் விளைச்சலைக் கூட்டுவதும் அரசாங்கத்தின் வேலை கிடையாது, வியாபாரியும் விவசாயியும் தடையில்லாமல் தொழில் செய்யப் பாதுகாப்புக் கொடுத்தால் போதும். அயர்லாந்துக் கனவான்களுக்கு எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தை எதிர்பார்க்கும் கெட்ட பழக்கம் என்று ஒரு குட்டும் உண்டு. அப்புறம்தான் மனிதர் எல்லை தாண்டுகிறார். அந்தச் சமூகத்தில் வேரோடிய தீமையைச் சரிசெய்வது மனித சக்திக்கு அப்பாற்பட்டது, இப்போது இறைவனே நேரடியாக ஓர் அடி கொடுத்துச் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார் என்ற பொருளில் எழுதுகிறார். கிழங்கு அழுகி ஜனங்கள் முள்ளங்கியும் காட்டுக் கீரையும் தின்று திரிந்த மாதத்தில், அந்த ஊரிலேயே நிலம் வைத்திருந்தவருக்கு எழுதிய பதில் இது.

டிரெவெலியன் ஒருவர் தலையிலேயே எல்லாப் பழியையும் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பாட்டிலும் மேடைப்பேச்சிலும் அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும். அது சரியில்லை என்பது என் கருத்து. அவர் அதிகாரி. அவருக்கு மேலே நிதியமைச்சர் சார்லஸ் வுட் இருந்தார், அவரும் இதே கொள்கைக்காரர். பிரதமருக்கு மனசு இருந்தும் தன் மந்திரிசபையையே வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. பாராளுமன்றத்தில் 'அயர்லாந்து வறுமையை அயர்லாந்துச் சொத்து சுமக்கட்டும்' என்பது எல்லாக் கட்சியிலும் கைதட்டல் வாங்கிய கோஷம். டிரெவெலியன் அதைச் சுறுசுறுப்பாக, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நடைமுறைப்படுத்தினார். அந்தச் சுறுசுறுப்புதான் வினை.

மோன்டீகிள் போன்றோர் நெருக்கியதில் ஒரு பலன் கிடைத்தது. அதே அக்டோபரின் தொடக்கத்தில், அயர்லாந்தின் தலைமைச் செயலர் லபூஷேர் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, வடிகால் வேலையையும் நிவாரணப் பணியாக எடுத்துச் செய்யலாம் என்றார். காகிதத்தில் வெற்றி. நடைமுறையில் அது பெரிதாக நடக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு அந்த வட்டாரம் முழுவதற்கும், பலன் தனித்தனி நிலத்துக்கு என்று இருந்தால் யார் முன்வருவார்கள்? ஆக ரோடு வேலையே தொடர்ந்தது. 1847 மார்ச்சில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரோட்டில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களும் சிறுவர்களும்கூட. கூலி வேலை அளவுக்கு ஏற்ப. பலவீனமானவனால் எவ்வளவு கல் உடைக்க முடியும்? உடைத்தாலும் கூலி நேரத்துக்கு வராது. 1846 அக்டோபரில் கார்க் மாவட்டத்தின் மேற்கே ஸ்கிபரீன் என்ற ஊர்ப் பக்கத்தில் டெனிஸ் மெக்கென்னடி என்பவர் ரோடு வேலையில் விழுந்து செத்தார். இரண்டு வாரக் கூலி பாக்கி. விசாரணை ஜூரி, பட்டினியால் சாவு, காரணம் பொதுப்பணி வாரியத்தின் படுமோசமான அலட்சியம் என்று தீர்ப்பு எழுதியது.

அந்த ஸ்கிபரீனுக்குத்தான் இரண்டாவது பண்ணையார் போனார். நிக்கோலஸ் கம்மின்ஸ், கார்க் நகரத்து மாஜிஸ்திரேட். மேற்குக் கார்க்கில் கொஞ்சம் நிலம் உண்டு என்று அவரே சொல்கிறார். பெரிய பிரபு எல்லாம் இல்லை. வரும் செய்திகளை நம்ப முடியாமல் நேரில் பார்த்துவிடலாம் என்று 1846 டிசம்பர் 15 அன்று கிளம்பினார். ஊர்ப் பெயர் சவுத் ரீன். பசி இருக்கும் என்று தெரியும், அதனால் ஐந்து ஆட்கள் சுமக்கக்கூடிய அளவுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது ஊரே காலியாகக் கிடந்த மாதிரி இருந்தது. ஏன் என்று பார்க்க ஒரு குடிசைக்குள் நுழைந்தார். மூலையில் அழுக்கு வைக்கோல் மேல் ஆறு எலும்புக்கூடுகள், மேலே போர்த்தியிருந்தது குதிரைக்குப் போடும் கந்தல் துணி போல ஒன்று. செத்துவிட்டார்கள் என்றே நினைத்துக் கிட்டே போனால், மெல்ல முனகல் கேட்டது. நான்கு குழந்தைகள், ஒரு பெண், ஒரு காலத்தில் ஆணாக இருந்த ஒன்று என்று எழுதுகிறார். எல்லோருக்கும் காய்ச்சல். சில நிமிடத்தில் இருநூறு பேராவது அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பிய்த்துக்கொண்டு வெளியே வருவதற்குள் சட்டை கிழிந்தது. பின்னால் இருந்து யாரோ கழுத்துத் துணியைப் பிடித்து இழுக்க, திரும்பினால் அப்போதுதான் பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தியபடி ஒரு பெண். அன்று காலை போலீஸ் பல நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்திருக்கிறது. மண் தரையில் விறைத்துப்போன இரண்டு பிணங்கள், எலி பாதி தின்றிருந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு தாய், பன்னிரண்டு வயது மகளின் சடலத்தைத் தானே வெளியே இழுத்து வந்து, மேலே பாதிக்குக் கற்களைப் போட்டுவிட்டுப் போனாள். ஸ்கிபரீனில் குதிரைப்படை முகாமுக்கு ஐந்நூறு கெஜத்துக்குள் இருந்த வீட்டில் ஏழு பேர் ஒரே அங்கிக்குள் கிடந்தார்கள். அதில் ஒருவர் செத்துப் பல மணி நேரமாகிவிட்டது, மற்றவர்களால் அந்தப் பிணத்தை நகர்த்தவும் முடியவில்லை, தாங்கள் நகரவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து இதையெல்லாம் கடிதமாக எழுதினார். யாருக்கு எழுதினார் என்பதில் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. கஜானாவுக்கு இல்லை. வெலிங்டன் பிரபுவுக்கு எழுதினார். நெப்போலியனைத் தோற்கடித்தவர், டப்ளினில் பிறந்தவர், ஆங்கிலேயர் எவரும் அலட்சியம் செய்ய முடியாத பெயர். இதை இளம் மகாராணியிடம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், டிசம்பர் 24-ஆம் தேதி, 'டைம்ஸ்' பத்திரிகையில் அந்தக் கடிதம் வந்தது. மேலே சொன்ன மாதிரியான வடிகால், கடன், வரி எதுவும் அதில் இல்லை. பார்த்தது மட்டும்தான் இருக்கிறது. சொத்துக் கணக்குக் கலக்காத பண்ணையார் கடிதம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைக் காட்டுவேன்.

பலன் என்ன? பொதுமக்கள் அசைந்தார்கள். 1847 புத்தாண்டு நாளில் லண்டன் வணிகர்கள் பிரிட்டிஷ் நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள், அதற்கு 4 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு சேர்ந்தது. ராணி 2,000 பவுண்டு கொடுத்தார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கஞ்சிக் கொப்பரைகளோடு ஊர் ஊராகப் போனார்கள். இதற்கெல்லாம் முன்பே கல்கத்தாவில் ஒரு நிதி திரட்டி, கிட்டத்தட்ட 14,000 பவுண்டு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த ஐரிஷ் சிப்பாய்களும் இந்தியப் பணக்காரர்களும் கொடுத்த காசு. அரசாங்கமோ ஸ்கிபரீன் விஷயத்தில் கேட்டது வேறு கேள்வி: அந்த வட்டாரத்துப் பண்ணையார்களுக்கு வருஷத்துக்கு 50,000 பவுண்டு குத்தகை வருகிறதே, அது எங்கே?

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஸ்கிபரீன் சுற்றுவட்டாரத்தில் பெரிய நிலக்காரர்கள் பலர் நிவாரணக் குழுவுக்குச் சொற்பமே கொடுத்தார்கள், சிலர் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் ஆறு பேர் வைக்கோலில் முனகிக்கொண்டிருக்கும்போது பண்ணையாரின் வரவு செலவைத் தணிக்கை செய்யத்தான் வேண்டுமா? முதலில் சோளத்தை இறக்கிவிட்டு, அப்புறம் பண்ணையார் மேல் வரி போட்டு வசூலித்திருக்கலாம். மேற்குக் கடற்கரையில் அரசின் தானியக் கிடங்குகள் இருந்தன. வியாபாரிகளுக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்று அவற்றைத் திறப்பதைத் தள்ளிப்போட்டார்கள், திறந்தபோதும் சந்தை விலைக்கே விற்றார்கள்.

அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு அரசாங்கமே சாட்சி வைத்திருக்கிறது. ரோடு வேலை தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டு 1847 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டு, கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அந்த ஜூலையில் ஒரே நாளில் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றப்பட்டது. ரயில் அதிகம் இல்லாத, தந்தி இல்லாத காலத்தில் நாட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பேருக்குச் சாப்பாடு போன காரியம். செலவும் ரோடு வேலையைவிடக் குறைவு. செப்டம்பர், அக்டோபருக்குள் மூடிவிட்டார்கள். அந்த வருஷம் கிழங்கில் நோய் குறைவு என்பது காரணம். விதைக்கிழங்கையே தின்றுவிட்டதால் பயிரிட்டதே கொஞ்சம்தான் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1848 ஜனவரியில் டிரெவெலியன் பஞ்சம் முடிந்த கதையாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், ஏப்ரலில் 'சர்' பட்டம் வாங்கினார். அந்தக் கோடையில் மறுபடி கிழங்கு அழுகியது.

கஞ்சித்தொட்டியை மூடியபிறகு எல்லாப் பொறுப்பும் உள்ளூர் ஏழை நிவாரண வரியின் மேல் விழுந்தது. பண்ணையார் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி இங்கேதான் கிட்டத்தட்ட அர்த்தமிழந்து போகிறது. வரிச் சட்டப்படி, ஆண்டு மதிப்பு நான்கு பவுண்டுக்குக் குறைவான துண்டு நிலங்களுக்குக் குடியானவன் வரி கட்ட வேண்டாம். நிலச் சொந்தக்காரரே முழுதும் கட்ட வேண்டும். ஏழைக்கு உதவுவதாகத்தான் தோன்றும். நடந்தது என்ன? ஒரு பண்ணையில் எவ்வளவு ஏழைகள் இருக்கிறார்களோ அவ்வளவு வரி. அவர்களிடம் குத்தகையும் வராது. வரியைக் குறைக்க ஒரே வழி, குடிசையை இடித்து ஆளைக் கிளப்புவது. மேயோ மாவட்டத்தின் ஸ்லைகோ பிரபு முதலில் கடன் வாங்கித் தன் குடிகளுக்கு உதவியவர். கடைசியில் வெளியேற்றுகிறேன், இல்லாவிட்டால் நான் வெளியேற வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டதாகச் சொல்லி அவரும் குடிகளைக் கிளப்பினார்.

இதற்கு மேல் 1847 ஏழை நிவாரணச் சட்டத்தில் இன்னொரு பிரிவு. கால் ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் 25 சென்டுக்கு மேல், நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுக்கொடு. கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி, கால்வே மாவட்டத்துப் பண்ணையார். 117-க்கு 7 என்று நிறைவேறியது. நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து செத்தவர்களும் உண்டு, கஞ்சிக்காக விட்டுவிட்டு ரோட்டோரத்தில் செத்தவர்களும் உண்டு. 1849 முதல் 1854 வரை போலீஸ் கணக்கில் ஏறியவர்கள் மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

விதிவிலக்குகளும் இருந்தன. மேயோவின் ஜார்ஜ் ஹென்றி மூர் குதிரைப் பந்தயப் பிரியர். 1846-இல் அவருடைய 'கொரானா' என்ற குதிரை செஸ்டர் கோப்பையை வென்றதில் ஏறக்குறைய 17,000 பவுண்டு கிடைத்தது. அதில் ஒரு பெரும் பங்கைத் தன் குடிகளுக்குச் செலவழித்தார், யாரையும் வெளியேற்றவில்லை. பந்தயக் குதிரை ஜெயித்ததால் பிழைத்த கிராமம் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. மோன்டீகிளின் சகோதரி மகன் ஸ்டீபன் டி வீர், லிமெரிக்கின் கரா சேஸ் பண்ணை வீட்டுப் பிள்ளை. 1847-இல் கனடாவுக்குப் போன ஏழைகளோடு கப்பலின் அடித்தட்டிலேயே பயணம் செய்தார். தண்ணீர்ப் பஞ்சம், வேகாத சாப்பாடு, காய்ச்சல்காரனும் நல்லவனும் ஒரே பலகையில் படுத்திருந்தது என்று அவர் எழுதிய கடிதம் மேலவையில் வாசிக்கப்பட்டு, பயணிகள் கப்பல் சட்டம் திருந்தக் காரணமானது. கியூபெக்கின் வாசலில் இருந்த குரோஸ் தீவில் அந்த ஒரே வருஷத்தில் 5,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டார்கள். மோன்டீகிளும் தன் குடிகளுக்குக் கப்பல் கட்டணத்தைக் கடனாகக் கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இதை அக்கறை என்றும் சொல்லலாம், நிலத்தைக் காலி செய்ய மரியாதையான வழி என்றும் சொல்லலாம். போனவர்களில் பலர் பிழைத்தார்கள்.

"பஞ்சத்தின்போது தானியம் ஏற்றுமதி ஆனதே" என்று யாராவது கேட்கலாம். ஆனது. ஓட்ஸ், வெண்ணெய், கால்நடை எல்லாம் படை பாதுகாப்போடு துறைமுகம் போயின. ஆனால் 1847-இல் மொத்தமாகப் பார்த்தால் உள்ளே வந்த தானியம் வெளியே போனதைவிட அதிகம். பிரச்சினை இடைவெளியில் இருந்தது. 1846 அறுவடை வெளியே போய்விட்டது, அமெரிக்க மக்காச்சோளம் பெருமளவில் வந்து சேர மறு வருஷ வசந்தம் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில்தான் கம்மின்ஸ் பார்த்த குடிசைகள் வருகின்றன. ஏற்றுமதியைத் தடுத்திருந்தால் பஞ்சமே வந்திருக்காது என்பது மிகை. அந்த நாலைந்து மாதத்தைத் தாண்ட உதவியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பணம் இல்லை என்ற வாதத்தையும் எடை போட்டுவிடலாம். பஞ்ச வருஷங்கள் முழுவதற்கும் பிரிட்டிஷ் கஜானா செலவழித்தது சுமார் 80 லட்சம் பவுண்டு, அதிலும் பெரும் பகுதி கடன் என்றே கணக்கெழுதப்பட்டது. 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது அடிமை வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடாக ஒதுக்கியது 2 கோடி பவுண்டு. 1849 மார்ச்சில் அயர்லாந்தின் ஏழை நிவாரணத் தலைமை ஆணையர் ட்விஸில்டன், இந்தக் கொள்கையை இனியும் நிறைவேற்ற மனசு ஒப்பவில்லை என்று ராஜினாமா செய்தார். அடுத்த மாதம் அயர்லாந்தின் வைசிராய் கிளாரண்டன், மேற்கு அயர்லாந்தின் துயரத்தை இப்படி அலட்சியப்படுத்தி, ஒழித்துக்கட்டும் கொள்கையில் பிடிவாதமாக நிற்கும் சட்டசபை ஐரோப்பாவில் வேறு இருக்காது என்ற கருத்தில் பிரதமருக்கே எழுதினார். இவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை, அரசாங்கத்தின் சொந்த ஆட்கள். 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். பண்ணையார்களில் பலரும் கடனில் மூழ்கினார்கள். 1849-இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் அவர்களுடைய பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. கிரெகரியின் நிலத்திலும் பெரும் பகுதி அப்படித்தான் போனது, அவருக்குக் குதிரைப் பந்தயக் கடனும் சேர்ந்துகொண்டது.

கடைசியாக, நம் பக்கத்துத் தொடர்பு. டிரெவெலியன் 1859-இல் சென்னை கவர்னராக வந்தார். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தார். கல்கத்தா அரசு போட்ட வருமான வரியை எதிர்த்துப் பகிரங்கமாகக் குறிப்பு வெளியிட்டதால் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் சென்னையில் நல்ல பெயர் வாங்கியவர் என்பது விசித்திரம்; பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சிதான். 25 சென்ட் கிரெகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் கவர்னர். நுவரெலியாவின் கிரெகரி ஏரி அவர் பெயரில் இருப்பதே. கொழும்பு தேசிய அருங்காட்சியகமும் அவர் கட்டியது, வாசலில் சிலையாக நிற்பவர் அவர்தான்.

அவர் இலங்கையை விட்டுப் போகும் நேரத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவும் பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. அப்பா 1847-48-இல் கடனில் திவாலானவர். 1876 கடைசியில் பக்கிங்ஹாமின் அரசு, பீல் செய்த மாதிரியே வெளியே சொல்லாமல் ஒரு நிறுவனம் மூலம் 30,000 டன் தானியம் வாங்கியது. வியாபாரத்தில் தலையிடாதே என்று கல்கத்தாவில் இருந்து கண்டனம் வந்தது, கொள்முதல் நின்றது. செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். அவர் 1877 ஜனவரியில் நிவாரணப் பணி ஆட்களின் தானிய அளவை ஒன்றரை ராத்தலில் இருந்து ஒரு ராத்தலாக வெட்டினார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், கடும் உழைப்புச் செய்பவனுக்கு இது போதாது என்று உடற்கூறு கணக்கோடு சண்டை போட்டு, சில மாதம் கழித்து அதை ஏற்ற வைத்தார். அதற்குள் ஜனங்கள் முகாம்களிலேயே விழுந்துகொண்டிருந்தார்கள்.